செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கோங்க

1930 ஆகஸ்டில் ஒரு நார்வே கப்பல் ஆர்க்டிக் கடலில் உள்ள வெண்தீவில் நின்றது. வழக்கமாகப் பனி மூடிக் கிடக்கும் தீவு. அந்த வருஷம் பனி நிறைய உருகியிருந்தது. கரையில் ஒரு படகும், மனித எலும்புகளும், நாட்குறிப்பும் கிடந்தன. 33 வருஷத்துக்கு முன்னால், 1897 ஜூலையில், ஹைட்ரஜன் பலூனில் ஏறி வட துருவத்துக்குப் பறந்துவிடலாம் என்று கிளம்பிக் காணாமல்போன மூன்று ஸ்வீடன்காரர்களின் கடைசி முகாம் அது. கிளம்பிய மூன்றாவது நாளே பலூன் பனிப்பாளத்தில் இறங்கிவிட்டது. பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் பனியில் நடந்தும் மிதந்தும் அந்தத் தீவுக்கு வந்து அங்கேயே இறந்துபோனார்கள்.

அவர்களுடைய பொருட்களோடு கழுவாத பிலிமும் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் யோன் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற வல்லுநர் அதைக் கழுவினார். சுமார் 240 படங்களில் 93 தேறின. அதில் ஒன்றை நீங்கள் இணையத்தில் எங்காவது பார்த்திருக்கலாம். வெள்ளைப் பரப்பில் சாய்ந்து கிடக்கும் ராட்சத பலூன், அதைப் பார்த்தபடி நிற்கும் இரண்டு சின்ன உருவங்கள். மூன்றாமவர் நீல்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க், கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார். நிலக்காட்சி என்றும் சொல்லலாம், உருவப்படம் என்றும் சொல்லலாம். எடுத்தவரும் பார்க்கவில்லை, எடுக்கப்பட்டவர்களும் பார்க்கவில்லை. ஆனால் படம் இருந்தது. 33 வருஷம் பனிக்குள் இருந்தது.

இது எப்படி முடிகிறது? பிலிம் என்பது ஜெலட்டின் பூச்சுக்குள் பொதிந்த வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள். வெளிச்சம் படும்போது ஒரு படிகத்தில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் திரள்கின்றன. கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டெவலப்பரில் போட்டதும் அந்தச் சில அணுக்கள் உள்ள படிகம் முழுவதும் வெள்ளியாக மாறிக் கருக்கிறது. வெளிச்சம் பட்டதற்கும் கருப்பதற்கும் நடுவே இருக்கிற நிலைக்கு ‘லேட்டண்ட் இமேஜ்’ என்று பெயர். பதிந்துவிட்ட, ஆனால் யாருக்கும் தெரியாத படம். அது ஒரு மணி நேரமும் இருக்கலாம், பல பத்தாண்டுகளும் இருக்கலாம்.

பிலிமின் கவர்ச்சி முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் வாதம். அந்த இடைவெளியில் காத்திருப்பது யார் என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் பிலிமைக் கொண்டாடுகிற கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன.

*

கொண்டாட்டத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கோடாக் 2009இல் கோடாக்ரோம் பிலிமை நிறுத்தியது. 2012இல் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. அப்போது பிலிமுக்கு இரங்கல் கட்டுரை எழுதாத பத்திரிகை இல்லை. 2024இல் பார்த்தால் பென்டாக்ஸ் புத்தம்புதிதாக ஒரு பிலிம் கேமராவைச் சந்தைக்குக் கொண்டுவருகிறது. ஒரு ரோல், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒரு கிளிக்குக்கு முப்பது, நாப்பது ரூபாய் ஆகிவிடும். தாத்தா பீரோவில் வைத்திருந்த கேமராவைத் தூசி தட்டி, பூஞ்சை பிடித்த லென்ஸைத் துடைத்து, செலவையும் பார்க்காமல் இருபது வயதுப் பிள்ளைகள் அதில் ரோல் போடுகிறார்கள். ஏன்?

மூன்று பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. முதல் பதில்: பிலிமின் தோற்றம். அந்த கிரெயின், அந்த நிறம், “டிஜிட்டல்ல அந்த உயிர் இல்ல ப்ரோ.” இரண்டாவது: பிலிம் நம்மை நிதானமாக்குகிறது, 36 படம்தான் என்பதால் யோசித்து எடுக்கிறோம். மூன்றாவது: பழைய நினைவு. மூன்றாவதைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். பிலிம் காலத்தில் பிறக்காதவர்களுக்கு அதன் நினைவு எங்கிருந்து வரும்? முதல் இரண்டையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

தோற்றம் என்பதற்கு செபஸ்தியாவோ சல்காடோவே பதில். ‘ஜெனிசிஸ்’ தொடரை 2004இல் பிலிமில் தொடங்கினார். விமான நிலைய எக்ஸ்ரே இயந்திரங்கள் பிலிமைப் பாழாக்குகிற பயத்தில் 2008 வாக்கில் டிஜிட்டலுக்கு மாறினார். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் படம் தேர்வு செய்ய அவருக்கு ஒப்பவில்லை. டிஜிட்டல் கோப்புகளிலிருந்து கான்டாக்ட் ஷீட் அடித்து, லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்த படங்களுக்குப் பழைய பிலிமின் கிரெயினைச் சேர்த்து, மறுபடி நெகட்டிவாக மாற்றி, இருட்டறையில் பிரிண்ட் போட்டார்கள். அந்தத் தொடரில் எது பிலிம், எது டிஜிட்டல் என்று கண்ணால் பிரித்துச் சொல்வது அநேகமாக முடியாத காரியம். ஆக, தோற்றத்தைப் பிரித்தெடுக்க முடியும். மொபைலில் ஒரு பிரீசெட் போட்டாலே முக்கால்வாசி வந்துவிடுகிறது. தோற்றம் மட்டுமே கவர்ச்சி என்றால் பிலிம் எப்போதோ செத்திருக்கும்.

நிதானம் என்பதற்கு ரிச்சர்ட் ஆவடான் பதில். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 1979 முதல் 1984 வரை சுரங்கத் தொழிலாளிகள், லாரி ஓட்டுநர்கள், ஹோட்டல் பரிமாறுபவர்கள், ஊரூராகத் திரிகிறவர்கள் என்று 752 பேரைப் படம் எடுத்தார். கேமரா 8க்கு 10 அங்குல டியர்டார்ஃப். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனித் தாள் பிலிம். பிலிம் கேமராக்களிலேயே ஆக மெதுவான வகை. செலவான தாள்கள் சுமார் 17,000. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு இருபத்திரண்டுக்கு மேல் வரும். கல்யாண வீட்டு டிஜிட்டல் கேமராக்காரரிடம் தோற்காத கணக்கு. பணமும் உதவியாளர்களும் இருந்தால் பிலிமிலும் கொட்டிக் குவிக்கலாம். சிக்கனம் பிலிமின் குணம் இல்லை, நம் பர்ஸின் குணம்.

தோற்றத்தையும் நிதானத்தையும் கழித்த பிறகு மிச்சம் என்ன? ஆவடான் 17,000 முறை அழுத்தினாலும் ஒருமுறைகூட அந்த இடத்திலேயே படத்தைப் பார்க்கவில்லை. அவர் எதிரே நின்றவரும் பார்க்கவில்லை. அதுதான் மிச்சம்.

*

நிலக்காட்சியில் இந்தப் பார்க்கமுடியாமை என்ன செய்கிறது என்பதற்கு ஆன்செல் ஆடம்ஸின் ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ’ நல்ல உதாரணம். ஒரு சாயங்காலம் காரில் திரும்பி வரும்போது, ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊரின் கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில் அடிப்பதையும், மலைக்கு மேல் நிலா எழும்பி நிற்பதையும் பார்க்கிறார். வண்டியை ஓரங்கட்டி, பெரிய கேமராவை நிறுத்துகிறார். வெளிச்சம் அளக்கும் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு விநாடி திறந்து மூடுகிறார். பாதுகாப்புக்கு இன்னொன்று எடுக்கலாம் என்று பிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகள் மேல் இருந்த வெயில் போய்விட்டது.

ஒரே ஒரு நெகட்டிவ். அதுவும் முன்புறம் வெளிச்சம் போதாத, பிரிண்ட் போடக் கஷ்டமான நெகட்டிவ். பிறகு சில வருஷம் கழித்து அந்த முன்புறத்தை மட்டும் ரசாயனத்தால் அழுத்தமாக்கினார். வாழ்நாளில் அதிலிருந்து ஆயிரத்துக்கு மேல் பிரிண்ட் போட்டார். ஆரம்ப கால பிரிண்ட்களில் வானம் சாம்பல் நிறம், மெல்லிய மேகங்கள் தெரியும். பிற்காலத்தில் வானம் கிட்டத்தட்ட முழுக் கருப்பு. நாம் இன்று ‘அந்தப் படம்’ என்று நினைத்திருப்பது அவர் பத்து, இருபது வருஷம் கழித்துக் கண்டுபிடித்த படம். எடுத்த தேதிகூட அவருக்குச் சரியாக நினைவில்லை. வானியல்காரர்கள் நிலாவின் நிலையை வைத்துக் கணக்கிட்டு 1941 நவம்பர் 1 என்று சொன்னார்கள்.

இந்தக் கதையில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியம். ஒன்று, முடிவு முழுக்க முன்கூட்டியே எடுக்கப்பட்டாக வேண்டும். டிஜிட்டலில் எடுத்துப் பார்த்து, சரியில்லையென்றால் மாற்றி, மறுபடி எடுக்கிறோம். தீர்ப்பு பின்னால் வருகிறது. பிலிமில் தீர்ப்பு முன்னால் வந்தாக வேண்டியிருக்கிறது. எதிரே இருக்கிற மலையைத் திரையில் பார்த்துச் சரிபார்க்க வழியில்லாததால் மலையையே பார்த்தாக வேண்டும். இரண்டு, எடுத்தவருக்கே அந்த நெகட்டிவ் புதிராக இருக்கிறது. தான் என்ன பார்த்தோம் என்பதை அவர் முப்பது வருஷத்துக்கு மேல் திரும்பத் திரும்ப இருட்டறையில் தேடுகிறார்.

இதனால் பிலிம் உண்மை பேசும் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். தமிழ்நாட்டு நிலக்காட்சியின் ஆகப் பழைய பெரும் தொகுப்புகளில் ஒன்றை எடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்திய கம்பெனி ராணுவத்தில் அதிகாரி, சென்னை மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரர். 1858இல் தஞ்சாவூர், மதுரை, திருச்சி என்று சுற்றினார். அது பிலிம் வருவதற்கு முந்தைய காலம். மெழுகு ஏற்றிய காகிதமே நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டிச் சேர்த்தார். அந்தக் காலத்து நெகட்டிவ் நீல ஒளிக்கு மட்டும் மிதமிஞ்சி இளகும். அதனால் வானம் எப்போதும் வெறும் வெள்ளையாக வந்துவிடும். ட்ரைப் என்ன செய்தார்? நெகட்டிவ் மேலேயே நிறம் தீட்டி மேகங்களைப் படைத்தார். நூற்றறுபது வருஷத்துக்கு முந்தைய தமிழ்நாட்டு வானம் என்று நாம் அவர் படங்களில் பார்ப்பதில் கொஞ்சம் அவர் கைவேலை.

ஆகவே நிலக்காட்சியில் பிலிமின் பெருமை உண்மையில் இல்லை, பொறுப்பில்தான் இருக்கிறது. பார்க்காமலே முடிவெடுத்தேன், அதற்கு நான்தான் ஜவாப்தாரி என்கிற பொறுப்பு. இதில் மலைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. படம் நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் ஹெர்னாண்டஸ் மலை கவலைப்படப்போவதில்லை. காத்திருப்பவர் புகைப்படக்காரர் ஒருவர்தான்.

மனித முகத்துக்கு வந்தால் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

*

யாரையாவது மொபைலில் படம் எடுத்துப் பாருங்கள். கிளிக் ஆன மறுநொடி கை நீளும்: “காட்டு, காட்டு.” பார்த்ததும் அடுத்த படத்துக்கு முகம் மாறிவிடும். மோவாய் கொஞ்சம் கீழே, சிரிப்பு கொஞ்சம் கம்மி. மூன்றாவது படத்தில் நமக்கு எதிரே இருப்பவர் தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கிற படத்தை நமக்கு நடித்துக் காட்டத் தொடங்கிவிடுகிறார். அதில் தப்பில்லை, அது அவருடைய உரிமை. ஆனால் பிலிம் கேமராவின் முன்னால் இந்தத் திருத்தம் நடக்க வழியில்லை. முகம் தன்னையே பார்த்துக்கொள்ள முடியாமல் எதிரே இருக்கிற ஆளைத்தான் பார்த்தாக வேண்டும்.

எதிரே இருக்கிற ஆளும் குருடர்தான். பெரிய கேமராவில் பிலிம் ஹோல்டரைச் செருகிவிட்டால் லென்ஸ் வழியாக எதையும் பார்க்க முடியாது. அதனால்தான் ஆவடான் கேமராவுக்குப் பின்னால் நிற்காமல் பக்கத்தில் நின்றார். ஆளும் ஆளும் நேராகப் பார்த்துக்கொள்ள, கேமரா ஓரமாக நின்று அதைப் பதிந்துகொண்டது. நம் கையில் இருக்கிற சாதாரண 35 எம்எம் எஸ்எல்ஆரிலும் அழுத்துகிற அந்தக் கணத்தில் கண்ணாடி மேலே எழும்பி வியூஃபைண்டர் இருண்டுவிடும். படமாகப் பதிகிற அந்த நொடியை எடுப்பவர் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் ஒருசேரக் கண்ணை மூடிக்கொள்கிற மாதிரி. நல்ல பிலிம் போர்ட்ரெய்ட்களில் நமக்குத் தட்டுப்படுகிற அந்த அமைதி, அந்த ஒப்புக்கொடுத்தல், கிரெயினிலிருந்து வருவதாக எனக்குத் தோன்றவில்லை. இதிலிருந்துதான் வருகிறது.

ஒப்புக்கொடுத்தல் என்றால் நம்பிக்கை. நம்பிக்கை என்றால் அதை மோசம் செய்யவும் முடியும்.

1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்து பயிர் கருகியதால் வேலையில்லாமல் கிடந்த கூலிகளின் முகாமில், டோரதி லாங் ஒரு தாயைப் படம் எடுத்தார். ‘மைக்ரன்ட் மதர்’. உலகத்தில் அதிகம் அச்சான புகைப்படங்களில் ஒன்று. லாங் அரசாங்க வேலையாக எடுத்தார். அதனால் அந்தப் படத்துக்கு உரிமைத்தொகை என்று எதுவும் வரவில்லை, யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம். அவர் அந்தத் தாயின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் பெயர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978இல். அப்போது பத்திரிகைக்காரர்களிடம் அவர் சொன்ன குறைகளில் ஒன்று என்னை உலுக்கியது: ஒரு காப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவே இல்லை.

நெகட்டிவின் வலது கீழ் ஓரத்தில், கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் லேசாகத் தெரிந்தது. படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று லாங் பிற்பாடு அதை நெகட்டிவிலேயே ரீடச் செய்து மங்கவைத்தார். விரலை மறைக்க அக்கறை இருந்தது. காப்பி மட்டும் போய்ச்சேரவில்லை.

1984இல் பெஷாவருக்குப் பக்கத்து அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி கோடாக்ரோமில் எடுத்த ஆப்கன் சிறுமியின் படமும் இதே வகைதான். 1985 ஜூனில் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தது. அந்தப் பச்சைக் கண்களைப் பார்க்காத ஆள் இருக்கமுடியாது. ஒரே ஒருத்தர் பார்க்கவில்லை. ஷர்பத் குலா. 2002இல் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோதுதான் தன் படத்தை முதன்முதலாகப் பார்த்தார். பலூன்காரர்களின் படம் 33 வருஷம் பனியில் காத்திருந்தது, அதற்குச் சாவு காரணம். இவருடைய படம் 17 வருஷம் உலகம் பூராவும் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்பதுதான் காரணம்.

இரண்டும் பெரிய படங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. லாங் எடுத்த படத்தால் அந்த முகாமுக்கு அரசாங்கம் உணவு அனுப்பியது என்பதும் வரலாறு. ஆனால் பிலிமின் காத்திருப்பை அழகு, தியானம் என்றெல்லாம் எழுதுகிறவர்கள் எடுப்பவரின் காத்திருப்பை மட்டுமே எழுதுகிறார்கள். எடுக்கப்பட்டவருக்கும் ஒரு காத்திருப்பு உண்டு. சிலருக்கு அது முடியவே முடியாது.

*

இந்த இடத்தில்தான் நம் ஊர் ஸ்டுடியோ எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கலை என்று யாரும் அதைக் கூப்பிட்டதில்லை. வரைந்த திரை, பிளாஸ்டிக் பூ ஜாடி, ஒரு முக்காலி, இரண்டு பெரிய லைட். “தலையைக் கொஞ்சம் இப்படி, ஆங்... மூச்சை அடக்குங்க... முடிஞ்சுது.” அப்புறம் ரசீதில் நெகட்டிவ் நம்பர் எழுதிக்கொடுத்து, “செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கோங்க.”

அந்த ஒரு வாக்கியத்தில் உலகப் புகழ்பெற்ற போர்ட்ரெய்ட்காரர்கள் பலர் செய்யத் தவறியது இருக்கிறது. படம் எடுக்கப்படுகிறவர்தான் காசு கொடுக்கிறார். எந்த உடையில், யார் பக்கத்தில், எந்தக் கையில் வாட்ச் தெரிய என்பதை அவர் தீர்மானிக்கிறார். இரண்டு பேருமே செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்கிறார்கள். பிரிண்ட் அவருக்கு, நெகட்டிவ் கடைக்கு, நம்பர் ரசீதில். மறுபடி காப்பி வேண்டுமென்றால் பத்து வருஷம் கழித்தும் அந்த நம்பரோடு போகலாம். பலருக்கு ஆயுசுக்கும் அந்த ஒரே ஒரு படம்தான். அதுவே மாலை போட்ட படமாகவும் ஆகிவிடும்.

அந்த மரபுக்கு உள்ளூரிலேயே பிலிமும் இருந்தது. 1960இல் ஊட்டியில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967இலிருந்து ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் புகைப்படத் தாளும் தயாரித்தது. இந்து என்றால் நிலா. தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் மலைமேல் தொழிற்சாலை. கலருக்கும் டிஜிட்டலுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் அது மூடப்பட்டுவிட்டது. ஸ்டுடியோக்களின் நெகட்டிவ் பெட்டிகளில் சில கரையான் தின்றன, சில வெள்ளி எடுக்கப் போயின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்து ஆட்கள் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களைத் தேடிப்போய் மிஞ்சிய பழைய படங்களை டிஜிட்டல் செய்து காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல்.

ஸ்டுடியோவையும் நான் புனிதமாக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பத்தாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அறுபதுகளில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம். நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்திருப்பார். முகம் பளிச்சென்று வெளுத்திருக்கும். கை இரண்டும் கருப்பாக இருக்கும். “அம்மா இவ்ளோ செவப்பா இருந்ததே இல்லையே” என்று அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் படத்தைத் துடைக்கும்போது சொல்வார். காரணம் டச்சிங். நெகட்டிவில் முகம் இருக்கிற இடத்தில் கூரான பென்சிலால் மெல்ல மெல்லக் கருப்படிப்பார்கள். நெகட்டிவில் கருத்தால் பிரிண்டில் வெளுக்கும். முகத்துக்குத்தான் அந்த மரியாதை, கைக்கு நேரம் கிடையாது. வயலில் வேலை செய்த அந்தக் கைதான் படத்தில் அவர் நிறத்தைச் சொல்கிற ஒரே சாட்சி.

இது ஸ்டுடியோக்காரர் மனசில் மட்டும் இருந்த கோளாறு இல்லை. பிலிமுக்குள்ளேயே இருந்தது. கலர் பிரிண்ட் சரியாக வருகிறதா என்று பார்க்க கோடாக் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல பத்தாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். அந்த அட்டைக்கே ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர் நிலைத்தது. அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கருத்த முகங்கள் சேறு மாதிரி அப்பிக்கிடக்கும், கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். கருத்த தோல்காரர்கள் சொன்னது எடுபடவில்லை. சாக்லேட் விளம்பரக்காரர்களும் மர நாற்காலி விற்பவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று முறையிட்ட பிறகுதான் கோடாக் பிலிமைத் திருத்தத் தொடங்கியது என்கிறார்கள் இதை ஆராய்ந்தவர்கள்.

இன்றைக்கு விற்கிற பிலிம்கள் எவ்வளவோ மேல். ஆனாலும் கருத்த முகத்தைப் பிலிமில் எடுப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும். மீட்டர் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கிற கருத்த மனிதரை அதன் போக்கில் எடுத்தால் சுவர் சாம்பலாகும், மனிதர் நிழலாகிவிடுவார். சுவரை விட்டுவிட்டு முகத்தை அளக்க வேண்டும், முகத்துக்காகச் சுவரை வெளுக்க விட வேண்டும். அதையும் பார்க்காமலே முடிவெடுக்க வேண்டும். நிலக்காட்சியில் சொன்ன அதே பொறுப்புதான், இங்கே மட்டும் அதன் விலை ஒரு மனிதரின் முகம். நம் ஆட்களை நம் நிறத்திலேயே, பென்சில் படாமல், நிழலுக்குள் தொலைக்காமல் பிலிமில் கொண்டுவருவது இன்னும் முழுதாகச் செய்து முடிக்கப்படாத வேலை. இளைஞர்கள் பிலிமைக் கையில் எடுக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

*

ஆனால் நடப்பது பெரும்பாலும் வேறு. இன்ஸ்டாவில் பிலிம் பக்கங்களைப் புரட்டினால் வலை பின்னுகிற மீனவர், பல் போன பாட்டி, உப்பளத்தில் நிற்கிற பெண், மாட்டோடு ஒரு பையன். படங்கள் பல நன்றாகத்தான் இருக்கின்றன. கீழே பிலிமின் பெயர் இருக்கும், கேமராவின் பெயர் இருக்கும், லேபின் பெயர் இருக்கும். பாட்டியின் பெயர் இருக்காது. எனக்குத் தெரிந்த லேப்காரர் ஒருவர் அலுத்துக்கொண்டார்: “ஸ்கேன் லிங்க் போனா போதும் சார், நெகட்டிவ வாங்க வர்றதில்ல. பிரிண்ட் யாரும் கேக்கறதே இல்ல.” ஆக, அவ்வளவு காத்திருந்து, வெள்ளியில் பதித்து, கடைசியில் கோப்பாக மாற்றி, போனில் பார்த்து, மேலே தள்ளிவிட்டுப் போகிறோம். பிலிமில் மிச்சமிருந்த ஒரே வித்தியாசமான விஷயத்தை, அதாவது கையில் கொடுக்கக்கூடிய ஒரு பொருள் அதிலிருந்து வரும் என்பதை, நாமே கழற்றிப் போட்டுவிடுகிறோம்.

டிஜிட்டலில் எடுத்தால் அந்தப் பாட்டிக்கு அங்கேயே திரையில் காட்டியிருப்போம். அவர் வாயைப் பொத்திச் சிரித்திருப்பார், அல்லது “அழிச்சுரு” என்றிருப்பார். பிலிமில் எடுக்கும்போது அந்த உரிமையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம். அது கடன். கடனைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழிதான் உண்டு, பிரிண்ட். ஒரு படத்துக்கு பிரிண்ட் போட எத்தனை ரூபாய் ஆகிவிடப்போகிறது? கிளிக்குக்கு நாப்பது ரூபாய் கொடுத்த நமக்கு அது பெரிய தொகை இல்லை. கஷ்டமெல்லாம் பஸ் ஏறி அந்த ஊருக்குத் திரும்பப் போவதில்தான். அந்த இரண்டாவது பயணத்தைச் செய்தவர் எடுக்கிற அடுத்த ரோலில் அந்த ஊர் முகங்கள் வேறு மாதிரி இருக்கும். முதல் தடவை கேமராவைப் பார்த்தவர்கள், இரண்டாம் தடவை இவரைப் பார்ப்பார்கள்.

பிலிம் போர்ட்ரெய்ட் ஒன்றை மதிப்பிட நான் இப்போது வைத்திருக்கிற அளவுகோல் இதுதான். கிரெயின் எப்படி, டோன் எப்படி, லென்ஸ் என்ன என்பதெல்லாம் அப்புறம். படத்தில் இருப்பவருக்குப் படம் போய்ச்சேர்ந்ததா? அவர் அதை எங்கே மாட்டியிருக்கிறார், அல்லது பிடிக்காமல் எந்தப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்? இதெல்லாம் படத்துக்கு வெளியே உள்ள சமாசாரம், விமர்சனத்தில் எதற்கு என்று கேட்கலாம். பிலிமின் கவர்ச்சியே யாரும் பார்க்காமல் படம் காத்திருக்கும் அந்த நேரத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், காத்திருப்பு எப்படி முடிந்தது என்பதும் படத்துக்கு உள்ளே உள்ள விஷயம்தான்.